வெளியே கேட்கக் கூடாது

என் மகளைப் போல ஒரு பிள்ளையைப் பார்த்ததே இல்லை, காலையில் உட்கார வைத்தால் மதியம் வரை எழுந்திருக்க மாட்டாள் என்று நர்சரி டீச்சர் சொன்னபோது எனக்கு உச்சி குளிர்ந்துபோனது. தலைநகரின் முனிர்கா பகுதியில் இருக்கும் எங்கள் வீட்டு மாடிப்படி முழுக்க அந்தப் பெருமையோடுதான் ஏறினேன். அறிவுகெட்டவள்.

அதே பிள்ளை வீட்டுக்குள் நுழைந்ததும் ஆளே மாறிவிடுவாள். பாத்ரூமுக்கு ஓடுவாள், பாதி வழியிலேயே உடையை நனைத்துவிடுவாள், துடைக்கப் போனால் என் கையைக் கடிப்பாள். பிறகு சுவரில் தலையை முட்டிக்கொண்டு கத்துவாள். நான்கு வயது. "செல்லம் குடுத்துக் கெடுத்து வெச்சிருக்கே" என்பார் கணவர். அவருக்கென்ன, சொல்லிவிட்டு ஆபீஸுக்குக் கிளம்பிவிடுவார்.

செல்லமாம், செல்லம்! எனக்குக் கிடைத்த செல்லத்தைச் சொல்கிறேன். நான் வளர்ந்தது இதே ஊரில், மதராசி கேம்ப் என்ற தமிழர் குடிசைப் பகுதியில். அப்பா குடித்துவிட்டு விழுந்து கிடப்பார். என்னை விட்டுவிட்டுப் போக ஆளில்லாமல், அம்மா வேலை பார்க்கும் பெரிய வீடுகளுக்கு என்னையும் இழுத்துக்கொண்டு போய்ச் சமையலறைக் கதவுக்குப் பின்னால் உட்கார வைப்பாள். அந்த வீட்டுக் கழிப்பறையை அவள் தேய்த்துக் கழுவலாம். நாங்கள் அதில் போகக் கூடாது. கேம்ப் கழிப்பறை வரிசையில் நின்று எல்லாவற்றையும் முடித்துக்கொண்டுதான் கிளம்ப வேண்டும். "வாயத் தொறந்து கேட்டே, என் வேல போயிடும். அடக்கிக்கினு கெட" என்று தொடையில் நறுக்கென்று கிள்ளுவாள். ஒருநாள் முடியாமல் உட்கார்ந்த இடத்திலேயே போய்விட்டேன். வீட்டுக்கார அம்மாள் மூக்கைப் பொத்திக்கொண்டு நின்றாள். அவள் பார்க்கட்டும் என்றே அம்மா என்னை அடித்தாள். அடியைக்கூட விட்டுவிடலாம். அடித்துக்கொண்டே அந்த அம்மாளைப் பார்த்து இளித்தாளே, அதை நான் இன்றுவரை மன்னிக்கவில்லை.

இதில் ஒரு வார்த்தைகூட மகளிடம் சொன்னதில்லை. அவளைக் கிள்ளியதும் இல்லை. நான் அப்படிப்பட்ட அம்மா இல்லை என்று மார்தட்டிக்கொண்டிருந்தேன்.

போன வாரம் அவளுக்கு மறுபடியும் காய்ச்சல். டாக்டரம்மா வயிற்றை அழுத்திப் பார்த்துவிட்டு, "ரொம்ப நேரம் அடக்கி வைக்கிறாளா?" என்று ஹிந்தியில் கேட்டார். ஒரு சின்ன டப்பாவைக் கொடுத்து, யூரின் பிடித்து வரும்படி கிளினிக் பாத்ரூமைக் காட்டினார்.

மகள் அதன் வாசலில் கால்களைப் பின்னிக்கொண்டு நின்றுவிட்டாள். முகமெல்லாம் வேர்த்துவிட்டது.

"போடி கண்ணு. யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க."

"நீ மட்டும் எங்கயுமே போறதில்லயே, மம்மி? மெட்ரோல, மால்ல, கல்யாணத்துல... வீட்டுக்கு ஜல்தி போலாம்னு என்னை இழுத்துட்டு ஓடுவியே."

அடிப்பாவி, எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறாள். அப்போதும் நான் காலையிலிருந்து அடக்கிக்கொண்டுதான் நின்றிருந்தேன்.

"சரி, மம்மி மொதல்ல போறேன், பாரு" என்று உள்ளே போனேன். உட்கார்ந்த பிறகும் எனக்கு வரவில்லை. கதவுக்கு அடியில் அவளுடைய சின்னச் செருப்புகள் தெரிந்தன.

"ஜல்தி மம்மி, யாரோ வர்றாங்க" என்று கிசுகிசுத்தாள். "பயப்படாத, உள்ள யாரும் இல்லன்னு நான் சொல்லிடறேன்."