நாள் பார்க்காமல் கடலில் இறங்கியவர்கள்

எங்கள் வீட்டுக் கொல்லைக் கொடியில் ஒரு கருநீல நிஜார் ஈரம் சொட்டத் தொங்கிய காலை இன்னமும் என் கண்ணில் நிற்கிறது. தொடையில் பாதிகூட வராத நிஜார். அம்மா அதைப் பார்த்துவிட்டு, "நாலு பேர் வந்து போற வீட்டுல இதை எங்க காயப்போடறதுன்னு ஒரு விவஸ்தை வேணாம்?" என்று முணுமுணுத்தபடி தன் புடவை ஒன்றை அதன்மேல் போட்டு மூடினாள். புடவையும் நனைந்ததுதான் மிச்சம். அது என் அண்ணன் வியட்நாமின் சைகோனிலிருந்து கொண்டுவந்த நீச்சல் உடை. காரைக்காலில் பிரெஞ்சுக் கொடி பறந்துகொண்டிருந்த கடைசி வருடங்கள் அவை. எனக்கு அப்போது பதினேழு வயது. வாய் கொஞ்சம் நீளம் என்று வீட்டில் எல்லோரும் சொல்வார்கள். இப்போதும் அது குறைந்தபாடில்லை.

கல்யாணமான மூன்றாம் மாதமே அண்ணன் சைகோன் சுங்க ஆபீசில் குமாஸ்தா வேலைக்குக் கப்பலேறிவிட்டார். அம்பகரத்தூரிலிருந்து வந்த அண்ணி ஆறு வருடம் எங்களோடு தனியாக இருந்தாள். யாராவது பேச்சுவாக்கில் 'கப்பல்' என்று சொன்னால் போதும், எழுந்து மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போய்விடுவாள். ஒருமுறை நான், "அழுவீங்களா அண்ணி?" என்று கேட்டேன். "அழுதா கப்பல் திரும்பி வந்துடுமா? போய் அந்த உளுந்தை ஊறப்போடு" என்றாள். எனக்கு அவளை ரொம்பப் பிடிக்கும். அதனாலேயே அண்ணன்மேல் உள்ளுக்குள் கோபமாக இருந்தது. திரும்பி வந்த மனிதர், இழந்த ஆறு வருடத்தை ஈடுகட்டுவதுபோல் அவளோடு நாலு வார்த்தை பேசி உட்காருவாரா என்றால் இல்லை. விடிந்ததும் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு கடற்கரைக்குக் கிளம்பிவிடுவார். அலைக்கு அந்தப்பக்கம் போய், மல்லாந்து மிதந்துவிட்டு வருவார். சைகோனில் இருந்தபோது ஞாயிற்றுக்கிழமைகளில் பழகிய பழக்கமாம்.

கடலில் குளிப்பதில் என்ன அதிசயம் என்று இன்று கேட்பீர்கள். கடலை நினைத்தபோது தீண்டக்கூடாது என்பது எங்களைப் போன்ற குடும்பங்களில் வழக்கம். அமாவாசை, கிரகணம், மாசிமகம், இல்லையென்றால் செத்தவர்களுக்குச் செய்கிற காரியம். இவற்றுக்குத்தான் கடல் நீராட்டு. மீன்பிடிக்கிறவர்கள் கதை வேறு, அவர்களுக்கு அது பிழைப்பு. வெறும் செவ்வாய்க்கிழமையில், பொழுதுபோக்காக, ஒரு நெல் வியாபாரி வீட்டுப் பிள்ளை உப்புத் தண்ணீரில் இறங்கினான் என்பதை நம்பக்கூட ஆள் கிடையாது. போதாக்குறைக்கு அண்ணன் அங்கத்திய சிப்பாய்களைப் போலத் தலைமுடியை ஒட்ட வெட்டியிருந்தார். தூரத்திலிருந்து பார்த்தால் மொட்டை என்றே தோன்றும்.

பூவத்திலிருந்த என் பெரியப்பா, அப்பாவின் ஒன்றுவிட்ட அண்ணன், ஒருநாள் காலையில் ஏதோ வேலையாகக் கடற்கரைப் பக்கம் வந்திருக்கிறார். அமாவாசையும் இல்லை, ஒன்றுமில்லை. மூத்த பிள்ளை, மொட்டைத் தலை, தன்னந்தனியாகக் கடலில் முழுகி எழுகிறான். அவருக்கு வேறு என்ன தோன்றும்? அருகில் போய்க் கேட்க மனம் வராமல் அப்படியே ஊருக்குத் திரும்பிவிட்டார். மத்தியானம் இரண்டு வண்டி நிறைய ஆட்கள் எங்கள் வாசலில் வந்து இறங்கினார்கள். பெரியம்மா தலையை விரித்துக்கொண்டு, "என் கொழுந்தனாரே, சொல்லாமப் போயிட்டீங்களே" என்று மாரில் அடித்தபடி கூடத்துக்குள் நுழைந்தாள். கூடத்தில் சாய்வு நாற்காலியில் அப்பா பேப்பர் படித்துக்கொண்டிருந்தார்.

பெரியம்மாவின் குரல் பாதியில் நின்றுபோனது. பின்னால் அழுதுகொண்டு வந்தவர்கள் அவள்மேல் முட்டிக்கொண்டு நின்றார்கள். அப்பா பேப்பரை மடித்துவிட்டு, "வாங்க அண்ணி. யாருக்கு என்ன ஆச்சு?" என்றார். நான் சிரிப்பை அடக்க முடியாமல் அடுக்களைக்கு ஓடினேன். அங்கே அண்ணியும் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு குலுங்கிக்கொண்டிருந்தாள். வந்தவர்கள் அத்தனை பேருக்கும் சாம்பார் வைத்து, சோறு வடித்துப்போட்டு அனுப்பினோம். ஆனால் அவர்கள் வண்டி தெருமுனை திரும்பியதும் அப்பா அண்ணனைக் கூப்பிட்டார்.

"உயிரோட இருக்கறவனுக்குத் துக்கம் விசாரிக்க வந்துட்டுப் போறாங்க. இனிமே நாள் கிழமை இல்லாம நீ கடல்ல கால் வைக்கக்கூடாது."

அண்ணன் கொஞ்சமாவது தணிந்து போயிருக்கலாம். அப்பாவுக்குப் பிறந்த பிள்ளை, எப்படித் தணிவார்? "இந்த வீட்டுல எனக்கு மூச்சு விடவும் நாள் பாக்கணும் போல. சைகோன்ல என் வேலை எனக்காகத்தான் காத்திருக்கு. பங்குனியில கப்பல் இருக்கு, போறேன்" என்றார். "போ. யார் புடிச்சு வச்சிருக்கா?" என்றார் அப்பா. இரண்டு பேரும் வீம்புக்குப் பேசினார்கள். கதவோரம் நின்றிருந்த அண்ணியை இரண்டு பேருமே திரும்பிப் பார்க்கவில்லை. அவள் முகம் வெளுத்துப்போனதை நான்தான் பார்த்தேன்.

அண்ணன் அன்றோடு கடலுக்குப் போவதை நிறுத்தினார், பேச்சையும் நிறுத்தினார். பெட்டி மட்டும் மச்சிலிருந்து இறங்கியது. அண்ணி அவர் சட்டைகளைத் துவைத்து மடித்து அதில் அடுக்கினாள். 'இவளுக்குச் சொரணையே இல்லையா' என்று எனக்கு அவள்மேலும் ஆத்திரம் வந்தது.

அதற்குள் மாசிமகம் வந்தது. சுற்றுவட்டாரப் பெருமாள்கள் பட்டினச்சேரிக் கடற்கரைக்கு எழுந்தருளும் நாள். அன்றைக்குக் கடலில் இறங்க யாருக்கும் தடையில்லை. வீட்டோடு வண்டி கட்டிக்கொண்டு போனோம். தீர்த்தவாரி முடிந்ததும் கூட்டம் கூட்டமாகத் தண்ணீரில் இறங்கினார்கள். பெண்கள் கைகோத்து வரிசையாக முழங்காலளவில் நின்று, அலை வரும்போது மூன்று முழுக்குப் போட்டுவிட்டுக் கரையேறிவிடுவோம். அதற்கே பாதிப் பேர் கத்துவார்கள். அண்ணன் மட்டும் அலையைத் தாண்டிப் போய், ஊருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு மிதந்தார்.

அண்ணி என் கையை உதறினாள். புடவையைக் கச்சமாக இழுத்துச் செருகினாள். நான் "அண்ணி" என்று கூப்பிடுவதற்குள் ஓர் அலைக்குள் தலையைக் கொடுத்து அந்தப்பக்கம் எழுந்துவிட்டாள். அம்மா அலறினாள். அப்பா வேட்டி நனைய இடுப்பளவு தண்ணீர்வரை ஓடினார், அவருக்கு நீச்சல் தெரியாது. ஆனால் அண்ணியின் தலை மறையவில்லை. நிதானமாகக் கைவீசி அவள் போய்க்கொண்டே இருந்தாள். அம்பகரத்தூர்க் குளத்தை இக்கரைக்கும் அக்கரைக்குமாகக் கடந்து வளர்ந்தவள் என்று அந்த ஆறு வருடத்தில் எங்களில் ஒருவரும் கேட்டுத் தெரிந்துகொள்ளவில்லை.

அலைக்கு அப்பால் என்ன பேசினாள் என்பதை அன்று மாலை எனக்கு மட்டும் சொன்னாள். "தரையில பேச எனக்கு வாய் வரல. நடுத்தண்ணியில கேட்டேன். 'போறதா இருந்தா என்னையும் கூட்டிட்டுப் போங்க. இல்லேன்னா இங்க இருங்க, குளிக்க நானும் வர்றேன். மாமா வையறதை ரெண்டு பேருமா சேந்து வாங்கிக்கலாம். இன்னொரு தடவ தனியா என்னால இருக்க முடியாது.' அப்படின்னேன்." அண்ணன் என்ன சொன்னார் என்று கேட்டேன். "அழுதாங்க. கடல் தண்ணின்னு நினைச்சுட்டேன், அப்புறம்தான் தெரிஞ்சுது" என்றாள்.

மருமகளிடம் நேருக்கு நேர் பேசும் வழக்கம் அப்பாவுக்கில்லை. ராத்திரிச் சாப்பாட்டின்போது அண்ணன் காதில் விழும்படியாக அம்மாவிடம் சொன்னார்: "கடலைத்தான் தீண்டக்கூடாது. முகத்துவாரத்துக்கு இந்தப் பக்கம் அரசலாறு. ஆத்துல குளிக்க நாள் நட்சத்திரம் எதுக்கு?" அண்ணன் சோற்றைப் பிசைவதை நிறுத்திவிட்டு அவரையே பார்த்தார். மறுநாள் பெட்டி மச்சுக்கு ஏறியது.

இன்றைக்கு அதே அரசலாற்றில் ஆரஞ்சு நிற மிதவை அங்கி மாட்டிக்கொண்டு குடும்பம் குடும்பமாகப் படகு விடுகிறார்கள். போன மாதம் என் பேத்தி என்னையும் ஏற்றி உட்காரவைத்தாள். யாரும் நாள் பார்க்கவில்லை, பார்க்கவும் வேண்டாம். எனக்கென்னவோ அண்ணன், அண்ணியோடு நான் முதன்முதலில் அங்கே இறங்கிய காலைதான் நினைவுக்கு வந்தது. அப்பாவும் கூடவே வந்திருந்தார். ஆறு எது, கடல் எது என்று பார்த்துச் சொல்ல வேண்டுமாம். கடல் ஆற்றுக்குள் ஏறிவரும் நேரம் அது. தண்ணீர் வாயில் பட்டதுமே எனக்குக் குமட்டியது, அப்படி உப்பு. நானும் அண்ணியும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். அப்பா கரையில் குனிந்து ஒரு கை தண்ணீரை அள்ளி வாயில் வைத்தார். பிறகு விழுங்கிவிட்டு, "ஆத்துத் தண்ணிதான். இறங்குங்க" என்றார்.