போன் பண்ணது ஸ்டெல்லா அக்கா இல்ல

கேக்குங்க. நான் போட்டு அழிச்ச மெசேஜ்ல இருந்தது ஒரு கேக்குப் படம். "என்னடா அனுப்பிட்டு அழிச்ச"ன்னு குரூப்ல மூணு பேரு கேட்டீங்க, அதான் சொல்றேன். திங்கக்கிழமை காலையில ஸ்டெல்லா அக்கா போட்டோ வந்துச்சு. நீல யூனிஃபார்ம், தொப்பி, தோள்ல விசில் கயிறு. நம்ம குரூப்ல போட்டோ வந்தா பொறந்தநாளுதானே? கீழ எழுதியிருந்ததைப் படிக்காமலே கேக்கை அனுப்பிட்டேன். அப்புறம்தான் படிச்சேன். நெஞ்சு வலி, ஆஸ்பத்திரிக்குப் போற வழியிலேயே முடிஞ்சிருச்சு, வயசு நாப்பத்தி நாலு, ஆவூர்ல சாயங்காலம் அடக்கம்.

அடக்கத்துக்கு வந்திருந்தேன். கல்லறைச் சுவரு ஓரமா நின்னதால நீங்க பார்த்திருக்க மாட்டீங்க. நம்ம கிளாஸ் ஆளு ஒருத்தர், பேரு வேணாம், "நம்ம பாம் அக்கா போயிட்டாங்களே"ன்னாரு. அக்கா மக ஜெனி திரும்பிப் பார்த்துச்சு. பிளஸ் டூ படிக்கிற புள்ள.

"ஏண்ணே எங்கம்மாவை அப்படிச் சொல்றீங்க?"

"அது ஒரு பழைய காமெடிம்மா"ன்னு சொல்லிட்டு அவரு அங்கிட்டுப் போயிட்டாரு. அது காமெடி இல்ல. அந்தப் பேரு அக்காவுக்கு வந்தது என்னாலதான். அதைச் சொல்லத்தான் இதை எழுதுறேன். ஜெனி, அம்மா போன் இப்ப ஒங்கிட்டத்தானே இருக்கும், ஒனக்கும் சேர்த்துத்தான்.

ஜெனிக்குத் தெரியாததால முதல்ல இருந்து வாரேன். சனி ஞாயிறு நடக்குற டிகிரி கிளாஸ் அது. அதுல பயங்கரவாதமும் எதிர் நடவடிக்கையும்னு ஒரு பேப்பர். இஞ்சினியரிங்கைப் பாதியில விட்டுட்டு வந்து நான் அங்க உக்காந்திருந்தேன். இந்தப் பேப்பரோட பேரு கெத்தா இருந்துச்சு, வேற காரணம் எதுவும் கெடையாது. எனக்குப் பக்கத்து பெஞ்சு ஸ்டெல்லா அக்கா. கீழ ராஜ வீதியில ஒரு ஜவுளிக்கடை வாசல்ல பொம்பளைங்க பையைச் சோதிக்கிற செக்யூரிட்டி. கிளாஸ் முடிஞ்சதும் நேரா டியூட்டிக்குப் போகணும்னு யூனிஃபார்மோடயே வருவாங்க. நான் இஞ்சினியரிங்கை விட்ட கதை தெரிஞ்ச நாள்ல இருந்து எனக்கு அவங்க வச்ச பேரு "இஞ்சினியரு".

பயங்கரவாதம்னா இதுதான்னு எல்லா நாடும் ஒத்துக்கிட்ட விளக்கம் இன்னிக்கு வரைக்கும் இல்லன்னு சார் முதல் கிளாஸ்ல சொன்னாரு. அக்கா கை தூக்குனாங்க.

"அப்ப நான் ஆறு வருஷமா எதைத் தேடுறேன் சார்?"

கிளாஸே சிரிச்சுச்சு. அக்கா சிரிக்கல. நெசமாவே கேட்டாங்க. கடையில கையில ஒரு மெஷின் குடுத்து, "எல்லாப் பையையும் பாரு"ன்னு சொல்லியிருக்காங்க. எதைப் பார்க்கணும்னு யாரும் சொல்லல. அந்த மெஷின்லயும் பேட்டரி செத்து ரொம்ப நாளாச்சாம். "வாயாலயே பீப்னு சத்தம் குடுத்துக்கிறேன்"னாங்க. தேடுற பொருளு என்னன்னு தெரிஞ்சுக்கத்தான் படிக்க வந்திருந்தாங்க. எங்க எல்லாருக்கும் மார்க்கு வேணும், இல்ல பிரமோஷன் வேணும். அவங்களுக்கு மட்டும் பதில் வேணும்.

அவங்ககிட்ட ஒரு நாப்பது பக்க நோட்டு இருந்துச்சு. பையில பார்த்ததை எல்லாம் அதுல எழுதி வைப்பாங்க. ஒரு மதியம் சாப்பிடுறப்ப என்னைப் படிக்க விட்டாங்க. பாதி கடிச்ச கொய்யாக்கா. ரத்தப் பரிசோதனை சீட்டு, நாலா மடிச்சது. மூடியில ஓட்டை போட்ட டப்பாவுக்குள்ள உசுரோட கோழிக்குஞ்சு. செத்துப்போன புருஷனோட சட்டை ஒண்ணு, அதே கலர்ல மகனுக்கு எடுக்கணும்னு கொண்டு வந்தது.

"வெடி எதுவும் சிக்கலையாக்கா?"

"தீபாவளிக்கு ஒரு அம்மா பையில ஓலைவெடி இருந்துச்சு. அதைச் சேர்க்கலாமா?"

அதே நோட்டுல தனியா ஒரு பக்கம். எங்கேயாச்சும் குண்டு வெடிச்சதா டிவியில வந்தா, மறுநாள் கடைக்கு வாரவங்க தானாவே பையைத் தொறந்து காட்டுறாங்களாம். ரெண்டாம் நாள் நம்ம கேட்டா காட்டுறாங்க. மூணாம் நாள் மொறைக்கிறாங்க. நாலாம் நாள் "எங்களைப் பார்த்தா எப்படித் தெரியுது"ன்னு சண்டை. "புதுக்கோட்டையில பயத்துக்கு ஆயுசு நாலு நாளு"ன்னு எழுதிக் கீழ கோடு போட்டிருந்தாங்க. சார்கிட்டக் காட்டுனப்ப அவரு கண்ணாடியைக் கழட்டிட்டு, "இது எந்தப் புக்குலம்மா இருக்கு?"ன்னாரு. "வாசல்ல இருக்கு சார்"னாங்க.

இப்ப பஸ் ஸ்டாண்டுக்கு வாரேன்.

சார் ஒரு வேலை குடுத்தாருல்ல, நாலு மணி நேரம் பஸ் ஸ்டாண்டுல உக்காந்து கவனிச்சு எழுதிட்டு வாங்கன்னு? நானும் அக்காவும் ஒரு ஜோடி. பேப்பர்ல நடுவுல கோடு போடச் சொன்னது அக்காதான். "இங்கிட்டுப் பார்த்ததை எழுது. அங்கிட்டு நெனச்சதை எழுது. ரெண்டையும் கலந்துறாத." அப்புறம் டீ வாங்கப் போயிட்டாங்க.

மணமேல்குடி பஸ்ஸு நின்னுச்சு. தாடி வச்ச ஒரு ஆளு ஜன்னல் வழியா ஒரு கட்டைப்பையை சீட்ல போட்டுட்டு, திரும்பிப் பார்க்காம வேகமா நடந்து போனாரு. நான் எட்டிப் பார்த்தேன். பைக்குள்ள பேட்டரி, சுருட்டுன வயரு, சின்னத் திரை வச்ச ஒரு பெட்டி. முந்துன நாள்தான் பாடம் நடந்திருந்துச்சு. ஆள் இல்லாத பை, வெளிய நீட்டுற வயரு, பதட்டமா விலகிப் போற ஆளு. மூணும் அப்படியே பொருந்துச்சு. உண்மையைச் சொல்றேன், எனக்கு பயமே இல்ல. சந்தோஷமா இருந்துச்சு. நூறுக்கு அடிச்சேன்.

நம்ம ஊர்ல பஸ்ஸுல சீட்டு போடுறது எப்படின்னு எனக்குத் தெரியாதா? பொறந்ததுல இருந்து நானும் துண்டு போட்டவன்தான், பை போட்டவன்தான். புக்கு படிச்ச ஒரே நாள்ல அது எனக்கு மறந்துபோச்சு. டீயோட வந்த அக்கா கேட்ட முதல் கேள்வி: "அந்தப் பஸ்ஸுல இருபது சீட்டுல பை கிடக்கு. இருபதும் பாமா?"

அதுக்குள்ள போலீஸ் வந்துருச்சு. பஸ்ஸைக் காலி பண்ணாங்க. டீக்கடையில வடை தின்னுக்கிட்டிருந்த அந்த ஆளை அவுட்போஸ்ட்டுக்குக் கூட்டிட்டுப் போனாங்க. அவங்க வேலையை அவங்க செஞ்சாங்க, குத்தம் சொல்ல ஒண்ணுமில்ல. அவரு படகுக்காரரு. பெட்டி கடல்ல வழி காட்டுற ஜிபிஎஸ், பேட்டரி அதுக்கானது. ரிப்பேர் பார்த்துட்டு ஊருக்குத் திரும்பிக்கிட்டிருந்தாரு. மறுநாள் அவரு கடலுக்குப் போற நாளு. சோதிக்கிறதுக்காகப் பெட்டியைக் கழட்டுனதுல அது திரும்ப ஓடல. ரெண்டு மணி நேரம் உக்கார வச்சிருந்தாங்க. பஸ்ஸும் போயிருச்சு.

நான் சிப்ஸ் கடைக்குப் பின்னாடி நின்னேன். அக்கா என்னை ஒரு தடவை பார்த்தாங்க, கூப்பிடல. நேரா உள்ள போயி, "எங்க கிளாஸ்ல இருந்துதான் சார் போன் வந்துச்சு, தப்பு எங்களதுதான்"னு எழுதிக் கையெழுத்துப் போட்டாங்க. யூனிஃபார்ம் போட்ட ஆளு, கையெழுத்தும் அவங்களது. அப்ப வந்து சேர்ந்த நீங்க எல்லாரும் போன் பண்ணது அக்காதான்னு முடிவு பண்ணிட்டீங்க. அடுத்த வாரத்துல இருந்து பாம் அக்கா. நானும் இல்லன்னு சொல்லல, அவங்களும் சொல்லல.

அந்த ஆளு வெளிய வந்தப்ப அக்காகிட்டச் சொன்னது எனக்குக் கேட்டுச்சு: "பரவாயில்ல தங்கச்சி. இனிமே பையை மடியிலயே வச்சுக்கிறேன்." அடுத்த பஸ்ஸுக்கு ஜனங்க ஓடி ஓடி சீட்டு போட்டாங்க. அவரு போடல. பையை நெஞ்சோட அணைச்சுக்கிட்டு படிக்கட்டுப் பக்கத்துல நின்னுக்கிட்டே போனாரு.

என் பேப்பரை அக்கா வாங்கிப் பார்த்தாங்க. பார்த்ததுன்னு நான் எழுதியிருந்ததுல முதல் வார்த்தை தாடி. ரெண்டாவதுதான் பை. தாடியைச் சுத்தி ஒரு வட்டம் போட்டுத் திருப்பிக் குடுத்தாங்க. திட்டவே இல்ல. திட்டியிருந்தா அடுத்த வாரம் கிளாஸுக்கு வந்திருப்பேன்.

வரல. ஃபீஸ் பிரச்சினைன்னு உங்ககிட்டச் சொன்னது பொய்யி. ஏழாவது நாள் காலேஜ் கேட்டுக்கு வெளிய அக்கா என்னைப் புடிச்சாங்க.

"என்ன இஞ்சினியரு, பயந்துட்டியா?"

"ஆமாக்கா."

"எத்தனை நாளா?"

"ஏழு."

"நாலைத் தாண்டிருச்சே!"ன்னு நெசமாவே ஆச்சரியப்பட்டு நோட்டை எடுத்தாங்க. "அப்ப என் கணக்கு தப்பு. அடுத்தவங்களுக்குப் பயந்தா நாலு. தான் செஞ்சதுக்குப் பயந்தா எவ்வளவுன்னு தெரியல. நீயே பார்த்துச் சொல்லு."

"எல்லார்கிட்டயும் சொல்லிறவாக்கா?"

"நீ சொல்ற அன்னிக்குச் சொல்லு. பாம் அக்கான்னா பசங்க பயந்து பெஞ்சுல எடம் விடுறானுக, எனக்கு நல்லாத்தான் இருக்கு."

அன்னிக்கு மதியமே வாட்ஸ்அப்ல ஒரு நம்பர் அனுப்புனாங்க. கூடவே "செய்யது அண்ணே, மணமேல்குடி"ன்னு ஒரு வரி. அந்த ஆளோட பேரை நான் கேக்கணும்னுகூட நெனக்கல. அவங்க கேட்டு வாங்கி வச்சிருந்தாங்க. எட்டு மாசமா அந்த நம்பரைத் தொறந்து தொறந்து மூடுனேன். பயம் நாலு நாள்ல போகல, எட்டு மாசத்துலயும் போகல. இதை எழுதிக்க அந்த நோட்டும் இனிமே அக்கா கையில இல்ல.

அதனால, ஜெனி, போன் பண்ணது உங்கம்மா இல்ல. நான். அந்த நோட்டு ஒங்கிட்ட இருந்தா நாலு நாளுன்னு கோடு போட்ட பக்கத்தைத் தேடு. அதுக்குக் கீழ எட்டு மாசம்னு எழுதிக்க. நெனச்சு எழுதல, பார்த்ததுதான். மத்தவங்களுக்கு: இனிமே பாம் அக்கான்னு கூப்பிட ஆள் வேணும்னா என்னைக் கூப்பிடுங்க, பாம் தம்பின்னு.

அவங்ககிட்ட இருந்து எனக்கு மிச்சம் ரெண்டு. பேப்பருக்கு நடுவுல போட்ட கோடு. அப்புறம் அந்த நம்பர். நேத்து அடிச்சேன். "யாருங்க?"ன்னாரு. ஸ்டெல்லா அக்காவுக்குத் தெரிஞ்ச பையன்னு மட்டும் சொன்னேன். "தங்கச்சி நல்லாயிருக்காங்களா?"ன்னு கேட்டாரு. போன்ல சொல்ல முடியல, நேர்ல வாரேன்னுட்டேன். ரெண்டு விஷயம் சொல்லணும் அவருகிட்ட.

அதே பஸ் ஸ்டாண்டு, அதே டீக்கடையில நின்னுதான் இதை டைப் பண்றேன். கண்டக்டர் விசில் அடிச்சுட்டாரு. சீட்டுல என் பை கிடக்கு. போறேன்.