வலது மார்பில் பதக்கங்கள்

அப்பா இறந்து ஒரு வருடம் ஆன பிறகு, செந்துறையில் எங்கள் வீட்டுக்கு ஒருவர் வந்தார். ஊர் அரும்பாவூர் என்றார். பட்டாளத்துக் குடும்பங்களுக்கு உதவும் சங்கமாம். பிள்ளைகளைப் படிக்க வைக்கிறார்களாம். இப்போது அரியலூரில் ஓர் அறை எடுத்து, மறைந்தவர்களின் படங்களையும் பதக்கங்களையும் வைக்கிறார்களாம்.

"அண்ணன் படமும் மெடலும் குடுத்தீங்கன்னா நல்லாருக்கும்மா."

அம்மா உடனே பீரோவைத் திறக்க எழுந்தார். அப்பா பட்டாளத்தில் இருந்ததற்கு எங்களிடம் மிஞ்சியிருந்தவை அந்தப் பதக்கங்கள்தான். தொலைந்தால் தொலைந்ததுதான். நான் அம்மாவின் கையைப் பிடித்து உட்கார வைத்தேன்.

நான் சிமென்ட் ஆலையின் சோதனைக்கூடத்தில் வேலை பார்க்கிறேன். வந்த சரக்கை நம்பாமல் இருப்பதற்குத்தான் சம்பளம். வந்தவரையும் மனதுக்குள் வரிசையாகக் குறித்துக்கொண்டேன். அடையாள அட்டை காட்டவில்லை. அப்பா எந்த ரெஜிமென்ட் என்று கேட்கவில்லை. பட்டாளத்தில் இருந்தவர்கள் செருப்பைக் கழற்றும்போதே அதைக் கேட்டுவிடுவார்கள். நாற்காலியில் கூனி உட்கார்ந்திருந்தார். அப்பா காய்ச்சலில்கூட அப்படி உட்கார்ந்ததில்லை.

"சங்கத்து நிகழ்ச்சி போட்டோ ஏதாவது இருக்குங்களா?"

செல்போனை நீட்டினார். ஏதோ கொடியேற்று விழா. வெள்ளைச் சட்டையில் நின்றிருந்தார். பதக்கங்கள் வலது மார்பில். அப்பா எப்போதும் இடது பக்கம்தான் குத்துவார். எந்தப் பக்கம் என்றுகூடத் தெரியாதவர்!

"நீங்க பட்டாளத்துலயே இருந்ததில்ல. சரிதானுங்களா?"

"இல்லம்மா. வயல்ல வெங்காயம் போடுற ஆளு நான்."

"அப்ப இது யாரு மெடலு?"

"எம் மவனோடது. காஷ்மீர்ல போயிட்டான்." செல்போனைத் திரும்ப வாங்கிக்கொண்டார். "அவன் இல்லாம குடும்பத்து ஆளு குத்திக்கிட்டா வலப்பக்கந்தானாம். ஆபீசர் சொல்லி, அவரே குத்திவிட்டாரு."

அம்மா என்னை ஒரு பார்வை பார்த்தார். "வூட்டுக்கு வந்தவங்கள இப்படியா கேப்ப? நீ போலீசுக்குப் போயிருக்கணும்டி."

அம்மாவே பதக்கங்களை எடுத்து வந்து வைத்தார். வந்தவர் தொடவில்லை. "பாப்பாவுக்கு மனசு வரட்டும்மா" என்று சொல்லி, டீயைக் குடித்துவிட்டு பஸ்ஸுக்குக் கிளம்பினார்.

அவர்மேல் இருந்த சந்தேகம் போய்விட்டது. அறைமேல் இருந்தது போகவில்லை. மகனைப் பறிகொடுத்தவர் பொய் சொல்லமாட்டார். ஆனால் அவரையும் யாராவது ஏமாற்றலாமே. சங்கத்தில் வேறு யார் இருக்கிறார்கள்?

விடுமுறை நாளில் அம்மாவிடம் சொல்லாமல் அரியலூர் போனேன். உரக்கடை மாடியில் அறை இருந்தது. கண்ணாடி அலமாரியும் இருந்தது. அவர் செய்தித்தாளைக் கசக்கிக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். உள்ளே அவர் மகனின் படம், அதன் கீழே பதக்கங்கள். நான் அலமாரியின் பூட்டைப் பிடித்து இழுத்தேன். திறந்துகொண்டது.

"இத நம்பியா வச்சிருக்கீங்க?"

"யாரும்மா இத எடுக்கப் போறா?"

"எடுத்தா என்ன செய்வீங்க?"

அவர் மகனின் படத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு, "நல்ல பூட்டு எங்க கிடைக்கும்?" என்றார்.

இருவரும் கடைத்தெருவுக்குப் போனோம். நான்கைந்து பூட்டுகளை இழுத்துப் பார்த்து ஒன்றை எடுத்தேன். ஒரு சாவி என்னிடம் இருக்க வேண்டும் என்றேன்.

"ரெண்டையும் வச்சுக்கிட்டாலும் சரிதான்" என்று சிரித்தார்.

அடுத்த ஞாயிறு அம்மாவோடு போய் அப்பாவின் பதக்கங்களை வைத்தோம். அவ்வப்போது முன்கூட்டிச் சொல்லாமல் போய்ப் பார்க்கிறேன். இதுவரை எல்லாம் சரியாக இருக்கிறது.