தொண்டைக்கு ஒரு செட்

எத்தியோப்பியாவிலிருந்து எங்கள் கல்லூரிக்கு ஆடை வடிவமைப்புப் படிக்க வந்த பெண்ணுக்குப் பென்சிலின் சேராது. சின்ன வயதில் ஒருமுறை சாப்பிட்டுத் தொண்டை வீங்கி, மூச்சு நின்று, பிழைத்ததே பெரும்பாடாகிவிட்டதாம். இதை என்னிடம் சொல்ல அவள் மூன்று தடவை வாயைத் திறந்தாள். நான்தான் விடவில்லை. வெளிநாட்டு மாணவர்களுக்கு ஊரைப் பழக்கிவிடும் வேலை கல்லூரி அலுவலகத்தில் என்னுடையது. பழக்கிக்கொண்டிருந்தேன்.

அருள்புரத்து மெடிக்கலில் மத்தியானச் சாப்பாட்டு நேரக் கூட்டம். பனியன் கம்பெனி ஆட்கள் ஆளுக்கொரு நோயைச் சொல்லி ஆளுக்கொரு செட் வாங்கிக்கொண்டிருந்தார்கள். ஒரு வேளைக்கான மாத்திரைகளை அட்டையிலிருந்து கத்தரித்து, காகித உறையில் போட்டுத் தருவதுதான் செட். டாக்டர் சீட்டெல்லாம் கேட்க மாட்டார்கள். எங்கள் ஊரில் வைத்தியம் எவ்வளவு சுலபம் என்று, தெரிந்த ஆங்கிலத்தில் அவளுக்குப் பெருமையாக விளக்கினேன்.

"யாருக்குங்க்கா?" என்றார் கடைக்காரர்.

"இந்தப் புள்ளைக்குத்தானுங்க. தொண்டை வலி. நல்லா பவராக் குடுங்க."

செட் வந்தது. கடையிலிருந்த தண்ணீர் கேனில் ஒரு தம்ளர் பிடித்து நீட்டினேன். அவள் வாங்கவில்லை. கத்தரித்த துண்டுகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். ஒன்றிலும் முழுப் பெயர் இல்லை. "இது என்ன மருந்து?" என்று ஆங்கிலத்தில் கேட்டாள்.

எனக்குச் சுர்ரென்று ஏறியது. பின்னால் பத்துப் பேர் நிற்கிறார்கள். இத்தனை வருடத்தில் நான் ஒரு மாத்திரையைக்கூடப் பேர் கேட்டு விழுங்கியதில்லை. குத்துக்கல்லாட்டம் இருக்கிறேன்.

"பேரு சொன்னாத்தான் மகாராணி முழுங்குவாங்களாமா. என்னான்னு பாத்துச் சொல்லுங்க."

கடைக்காரர் மீதி அட்டையைத் தேடியெடுத்துப் படித்தார். "அமாக்ஸிசிலினுங்க."

அவள் உறையை மேசையில் வைத்துவிட்டு இரண்டடி பின்னால் போனாள். அப்போதுதான், நான் மேலே எழுதிய கதை முழுவதையும் ஒரே மூச்சில் சொன்னாள். எனக்குப் பாதிதான் புரிந்தது. தொண்டையைப் பிடித்துக் காட்டியது முழுதாகப் புரிந்தது.

"அடக் கடவுளே, இதும் பென்சிலின் வகைதானுங்க," என்றார் கடைக்காரர். "மொதல்லயே சொல்லிருக்கலாமுங்களே?"

அவளைப் பார்த்துக் கேட்கவில்லை, என்னைப் பார்த்துக் கேட்டார்.

அவள் திட்டியிருந்தால்கூடத் தேவலை. எனக்குச் சிரமம் கொடுத்துவிட்டதாக மன்னிப்புக் கேட்டாள்.

தம்ளர் இன்னும் என் கையில்தான் இருந்தது. அந்தத் தண்ணீரை நானே குடித்தேன்.