சங்குப்பூ டிசைனும் என் ஸ்க்ரூ டிரைவரும்

போன வருடம் விஜயதசமி அன்று காலையில் நடந்தது இது. இடம் ஆரணியில் எங்கள் தெரு. இன்னும் சரியாகச் சொன்னால், எதிர்வீட்டு அக்காவின் முன்னறை.

முதலில் என்னைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். ஓர் அரிசி ஆலை ஆபீசில் பில் போடுவது என் வேலை. மனசு மட்டும் எப்போதும் ஸ்க்ரூ டிரைவரில்தான். பழுதான ஒரு சாமானைப் பார்த்துவிட்டால் அதைத் திறந்து பார்க்கிற வரைக்கும் எனக்கு இருப்புக் கொள்ளாது. யாரிடமும் போய்க் கற்றுக்கொண்டதில்லை. வீடியோ பார்த்து, கையைச் சுட்டுக்கொண்டு, தானாக வந்த பழக்கம். டிவி ரிமோட், மிக்சி, செட்டாப் பாக்ஸ், கம்ப்யூட்டர் என்று தெருவில் எது மக்கர் பண்ணினாலும் முதலில் என்னைத்தான் கூப்பிடுவார்கள். பாதி சரியாகும். மீதிப் பாதியில், திரும்ப மூடும்போது ஒன்றிரண்டு ஸ்க்ரூ மிச்சம் விழும். “உன் கைக்கு ஸ்க்ரூ டிரைவர் வந்தா ஊட்ல ஒரு சாமான் கொறையுது” என்பார் என் கணவர். சொல்லிவிட்டுப் போகட்டும். அவருடைய ஹெட்போன் வயர் அறுந்தால் மட்டும் யாரிடம் வந்து நிற்கிறாராம்?

எதிர்வீட்டு அக்கா பட்டுப்புடவைக்கு டிசைன் வரைபவர். எல்லாம் கம்ப்யூட்டரில்தான். வரைந்ததைப் பென் டிரைவில் ஏற்றிக் கொடுத்தால், அதைத் தறியோடு இணைத்திருக்கும் மின்னணுப் பெட்டியில் சொருகுவார்கள். அவர் வரைந்த பூவும் கொடியும் அப்படியே புடவையில் இறங்கிவிடும். எத்தனையோ ஊர்ப் பெண்கள் அவருடைய டிசைனைக் கட்டிக்கொண்டு மணவறையில் உட்கார்ந்திருப்பார்கள். அது அக்கா வரைந்தது என்று அவர்களுக்குத் தெரியவா போகிறது?

அந்த வருடம் அக்காவின் மகளுக்கே கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. கார்த்திகையில் முகூர்த்தம். அந்தப் பெண் ஒரே ஒரு பிடிவாதம் பிடித்தாள். “கடையில பார்த்து எடுக்கற புடவை எனக்கு வேணாம்மா. நீ எனக்குன்னு வரைஞ்சதுதான் வேணும்.” அக்காவுக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. அவர்கள் வீட்டு மதில் முழுக்கச் சங்குப்பூக் கொடி படர்ந்திருக்கும். அதையே பார்டராக வரைந்தார். ஆடியில் ஆரம்பித்தது. வேலையெல்லாம் முடிந்த பிறகு உட்கார்ந்து, ஒவ்வொரு இதழாக அழித்து அழித்துப் போட்டு, ஆயுத பூஜைக்கு முந்தின நாள்தான் முடித்தார். அன்று சாயங்காலம் என்னைக் கூப்பிட்டுத் திரையில் காட்டினார். நீலக் கொடி ஒன்று காற்றில் லேசாகச் சாய்ந்தாற்போல இருந்தது. எனக்குக் கண்ணை எடுக்க மனசு வரவில்லை.

அதை நெய்யப் போகிறவர் அடுத்த தெருவில் இருக்கிறார். அவர் தறியில் பாவு நூல் ஏற்றி எல்லாம் தயாராக வைத்திருந்தார். விஜயதசமி அன்று மத்தியானத்துக்குள் தறியில் கை வைத்துவிட வேண்டும், அன்றைக்குத் தொடங்கினால்தான் கல்யாணத்துக்குள் புடவை இறங்கும், அதற்குப் பின்னால் வேறு வேலை வரிசையில் நிற்கிறது என்று கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்.

விஜயதசமி காலை. அரிசி ஆலை லீவு. பொரியும் கடலையும் கொறித்துக்கொண்டு சாவகாசமாக உட்கார்ந்திருந்தேன். அக்கா ஓடி வந்தார். செருப்புகூடப் போடவில்லை.

“ஏம்மா, ஜல்தி வாயேன். கம்ப்யூட்டரு ஆன் ஆவ மாட்டேங்குது. வந்து வந்து அணைஞ்சிடுது. எனக்குக் கையும் ஓடல, காலும் ஓடல.”

சத்தியமாகச் சொல்கிறேன், எனக்கு உள்ளுக்குள் ஒரு சின்ன குஷி. டூல்ஸ் பெட்டியைத் தூக்கிக்கொண்டு, டாக்டர் மாதிரி தெருவைக் கடந்து போனேன்.

கம்ப்யூட்டர் புது மாப்பிள்ளை போல இருந்தது. முந்தின நாள் பூஜை போட்டிருந்தார்களே! மானிட்டருக்குச் சாமந்தி மாலை. கீபோர்டில் விபூதிப் பட்டை. கீழே இருந்த கறுப்புப் பெட்டிக்கு முகத்தின் நடுவே பெரியதாக ஒரு சந்தனப் பொட்டு, அதன்மேல் குங்குமம். பக்கத்திலே பொரித் தட்டு. ஆயுத பூஜை அன்று வைத்த பொட்டை நாம் துடைப்பதில்லை, அதுவாக உதிர வேண்டும். அதனால் பொட்டு கலையாமல் பட்டனின் ஓரமாக நகத்தால் அமுக்கினேன். கொஞ்சம் கெட்டியாக இருந்தது. பழைய பெட்டிதானே என்று விட்டுவிட்டேன்.

மின்விசிறி சுற்றியது. திரையில் வெளிச்சம் வந்தது. நாலைந்து வினாடியில் பொசுக்கென்று எல்லாம் அணைந்துவிட்டது. சுவரில் சுவிட்சை அணைத்துப் போட்டேன். நான் பட்டனைத் தொடாமலே அதுவாகக் கிளம்பியது, மறுபடியும் அணைந்தது. ஆகா, இது உள்ளே இருக்கிற கோளாறுதான் என்று முடிவு கட்டிவிட்டேன்.

பக்கத்து மூடியைக் கழற்றி, பெட்டியைப் படுக்கவைத்து வேலையில் இறங்கினேன். ரேம் பட்டையை எடுத்து அதன் தங்கநிறப் பற்களை ரப்பரால் தேய்த்துத் திரும்பச் சொருகினேன். அணைந்தது. தூசியை ஊதினேன், தும்மல் வந்ததுதான் மிச்சம். அணைந்தது. வீட்டுக்கு ஓடி, என்னிடம் இருந்த பழைய பவர் சப்ளையைக் கொண்டுவந்து மாட்டினேன். அதற்கும் அணைந்தது. ஒவ்வொரு தடவையும் அக்கா கையைக் கூப்பிக்கொண்டு திரையைப் பார்ப்பார். அது இருட்டாகும்போது என் முகத்தைப் பார்ப்பார். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

“நேத்தே பென் டிரைவ்ல ஏத்தி வச்சிருக்கலாமேக்கா?” என்றேன், கொஞ்சம் கோபமாகவே.

“பூஜையில வச்சிட்டு, இன்னிக்கு நல்ல நேரத்துல எடுத்துக்கினு போலாம்னு இருந்துட்டேம்மா. மொத மொதல்ல என் பொண்ணுக்குப் போடற டிசைனு இல்ல?”

டிசைன் இருக்கும் ஹார்ட் டிஸ்க்கை மட்டும் கழற்றி என் லேப்டாப்பில் போட்டுப் பார்க்கலாம். அதற்கு ஒரு கேபிள் வேண்டும், என்னிடம் இல்லை. கடைக்காரர்கள் இருவருக்குப் போன் அடித்தேன். ஒருவர் எடுக்கவே இல்லை. இன்னொருவர் குடும்பத்தோடு போளூர்ப் பக்கம் கோயிலுக்குப் போய்க்கொண்டிருந்தார். “நாளைக்குத்தான் கடை தெறப்பேன்” என்றார்.

நேரம் போய்க்கொண்டே இருந்தது. கடைசியில் நான் என் தீர்ப்பைச் சொன்னேன். “மதர்போர்டு போயிடுச்சி போலக்கா. வேலூருக்கு எடுத்துக்கினு போய்க் காட்டணும். இன்னிக்கு ஆவாது.”

அக்கா என்னைத் திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை. திட்டவில்லை. “போனா போவுது. வேற யாரோ வரைஞ்ச பழைய மயிலு டிசைன் ஒண்ணு அவர்கிட்டயே கீது. அதையே போடச் சொல்லிடறேன். அதுவும் பொடவதான?” என்றார். முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, நெய்பவருக்குப் போன் பண்ண உள்ளே போனார்.

தெருவுக்கெல்லாம் பெரிய மெக்கானிக் மாதிரி திரிந்தேனே! ஒரு தாய் மகளுக்காக மூன்று மாதமாக வரைந்ததை எடுத்துக்கொடுக்க எனக்கு வக்கில்லையே என்று என்மீதே ஆத்திரமாக வந்தது. அந்த ஆத்திரத்திலேயே மதர்போர்டைக் கழற்ற ஆரம்பித்தேன். பெட்டியின் முன்பக்கத்திலிருந்து வரும் மெல்லிய வயர்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கினேன். இங்கேதான் ஒரு மகா மடத்தனம். சுவரில் சுவிட்சை அணைக்கவே இல்லை.

வயரைப் பிடுங்கிய இடத்தில் ஊசி மாதிரி சின்னச் சின்னக் கம்பிகள் நீட்டிக்கொண்டிருக்கும். என் ஸ்க்ரூ டிரைவர் முனை வழுக்கி அதில் இரண்டைத் தொட்டது. விர்ரென்று என் மூக்குக்கு நேராக மின்விசிறி சுற்றியது. “ஐயோ!” என்று அலறிக்கொண்டு ஸ்க்ரூ டிரைவரை வீசினேன். அது போய்ப் பொரித் தட்டில் விழுந்தது, அறை முழுக்கப் பொரி. நல்லவேளையாக அந்தக் கம்பிகளில் பெரிய மின்சாரம் இல்லை. விரல் பிழைத்தது.

சுவிட்சை அணைக்கப் பாய்ந்தவள் அப்படியே நின்றுவிட்டேன். மின்விசிறி சுற்றிக்கொண்டே இருந்தது. நாலைந்து வினாடி தாண்டியும் அணையவில்லை. மாலை போட்ட மானிட்டரில் வெளிச்சம் வந்தது. அதன்பின் அக்காவின் மகள் சின்ன வயதில் சிரித்துக்கொண்டிருக்கும் படமும் வந்தது. அதுதான் அவர் திரையில் வைத்திருக்கும் படம்.

உள்ளேயிருந்து அக்காவின் குரல் கேட்டது. “ஆமாங்க, அந்த மயிலு டிசைனே...”

“அக்கா! போனை வைங்க! மயிலும் வேணாம் ஒண்ணும் வேணாம். அவரை நிறுத்தச் சொல்லுங்க!” தெருக்கோடி வரைக்கும் கேட்டிருக்கும் நான் போட்ட சத்தம்.

அக்கா போனோடு ஓடி வந்தார். திரையைப் பார்த்தார். தரையெல்லாம் பொரி கிடப்பதையும், நான் பேய் அடித்தவள் மாதிரி நிற்பதையும் பார்த்தார். பென் டிரைவை எடுத்து என் கையில் திணித்தார், அவ்வளவுதான். டிசைன் அப்படியே இருந்தது. ஓர் இதழ்கூடக் குறையவில்லை. அது ஏறி முடிகிற வரைக்கும் இரண்டு பேரும் மூச்சு விட்டோமா என்றே ஞாபகம் இல்லை. முடிந்ததும் அக்கா என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டு ஓவென்று அழுதார். நானும்தான் அழுதேன். அப்பாடா என்று அவ்வளவு நிம்மதியாக நான் அழுதது அந்த ஒரு தடவைதான்.

அப்புறம்தான் எனக்கு மூளை வேலை செய்தது. ஸ்க்ரூ டிரைவர் தொட்ட இரண்டு கம்பிகளும் பவர் பட்டனுக்கானவை, பட்டன் செய்கிற வேலையை அது செய்துவிட்டது. முன்பக்கத்து வயரைப் பிடுங்கியதும் கம்ப்யூட்டர் ஒழுங்காக ஓடுகிறது. அப்படியென்றால் கோளாறு உள்ளே இல்லை, முன்பக்கத்துப் பட்டனில்தான். முதல் முறையாகப் பெட்டியின் முகத்தைக் குனிந்து நன்றாகப் பார்த்தேன். அந்தச் சந்தனப் பொட்டு நான் நினைத்ததுபோல் பட்டனுக்குப் பக்கத்தில் இல்லை, பவர் பட்டன் மேலேயேதான்! பன்னீரில் குழைத்த சந்தனம் பட்டனைச் சுற்றி இடுக்கில் இறங்கிக் காய்ந்து கல்லாகியிருந்தது. அமுக்கிய பட்டன் வெளியே வர முடியாமல் உள்ளேயே சிக்கிக்கொண்டிருந்தது. பட்டனை அமுக்கியபடியே பிடித்திருந்தால் எந்தக் கம்ப்யூட்டரும் நாலைந்து வினாடியில் அணைந்துதான் போகும். இது நான் எத்தனையோ பேருக்குச் சொல்லிக்கொடுத்த பாடம்! பொட்டு கலையக் கூடாது என்று நகத்தால் பதமாக அமுக்கிய மகராசியும் நான்தான்.

“ஏங்க்கா, அவ்ளோ பெரிய பொட்டியில வேற எடமே கெடைக்கலையா உங்களுக்கு?” என்றேன்.

“நெத்தி மாதிரி நடுவுல, வட்டமா அழகா இருந்துதும்மா. பொட்டு வைக்கறதுக்குன்னே வச்சிருக்கான்னு நெனச்சேன்” என்றார் அக்கா.

இரண்டு பேரும் பொரி மேலேயே உட்கார்ந்து வயிறு வலிக்கச் சிரித்தோம். அந்தச் சத்தம் கேட்டு வந்த என் கணவர், “இன்னா, ஸ்க்ரூ இன்னிக்கும் மிச்சமா?” என்றார். அன்றைக்கு நான் கோபித்துக்கொள்ளவில்லை. சுவிட்சை அணைக்காமல் கை வைத்த கதையைச் சொன்னதும் அவர் முகம் மாறிவிட்டது. அதற்கு வாங்கிக் கட்டிக்கொண்டது தனி.

அன்று மத்தியானத்துக்குள் தறியில் பென் டிரைவைச் சொருகும்போது நானும் அக்காவோடு போயிருந்தேன். கார்த்திகையில் அந்தப் பெண் மணவறைக்கு வந்தபோது, பார்டர் முழுக்க நீலக் கொடி அவளோடு நடந்து வந்தது. கூட்டத்தில் யாரோ, “எந்தக் கடையில எடுத்தீங்க?” என்று கேட்டார்கள். “எங்கம்மா வரைஞ்சது” என்று அவள் சொன்னாள். அக்கா என் கையைத் தேடிப் பிடித்துக்கொண்டார். மயில் டிசைன் புடவையாக இருந்திருந்தால் அந்த வார்த்தையை அக்கா கேட்டிருக்கவே முடியாது என்று நினைத்துக்கொண்டு நானும் அந்தக் கையை இறுக்கிப் பிடித்தேன்.

இந்த வருட ஆயுத பூஜைக்கு அக்கா கம்ப்யூட்டரின் உச்சியில் ஒரு ஸ்டிக்கர் பொட்டோடு நிறுத்திக்கொண்டார். மிச்சமிருந்த சந்தனத்தை எடுத்து வந்து என் ஸ்க்ரூ டிரைவருக்கு ஒரு பொட்டு வைத்தார். பிறகு, “இதுக்கு எங்க பட்டன் இருக்குன்னு தெரியல” என்று சிரித்துக்கொண்டே என் நெற்றியிலும் ஒன்று வைத்துவிட்டுப் போனார். இப்போதும் யாராவது கெட்டுப்போன சாமானைக் கொண்டுவந்து நீட்டினால் கை தானாக ஸ்க்ரூ டிரைவருக்குத்தான் போகிறது. ஆனால் அதை எடுப்பதற்கு முன்னால் சுவரில் சுவிட்சை அணைக்கிறேன், அதன் பிறகு அந்தச் சாமானின் முகத்தை ஒரு நிமிடம் நன்றாகப் பார்க்கிறேன். பார்க்கும்போதெல்லாம், போனை வைக்கச் சொல்லி நான் கத்தியது நல்லவேளையாக அக்காவின் காதில் விழுந்ததே என்று மனசு ஒருமுறை ஆறுதலாக மூச்சு விட்டுக்கொள்கிறது.