விளக்கு வைத்த பின்

அன்று கிட்டங்கியிலிருந்து திரும்பியபோது எங்கள் வீடு மட்டும் இருட்டாகக் கிடந்தது. மூவாரில் ஆற்றங்கரைக் கடைகளுக்குப் பின்னால், பலகை வீடுகள் வரிசையாக நின்ற ஒரு சந்தில் அப்போது குடியிருந்தோம். பொழுது சாய்ந்ததும் ஒவ்வொரு வீட்டிலும் சாமி மாடத்து விளக்கு தெரியும். வேலை முடிந்து நடந்து வருகிறவனுக்கு அதுவே ஒரு துணை. எங்கள் மாடம் வாசலுக்கு நேர் எதிரே இருந்ததால் படலைத் திறப்பதற்கு முன்பே சுடர் கண்ணில் படும். அன்று சுடரைக் காணோம். பக்கத்து வீட்டு வண்டிக்காரர் மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டே, "என்ன தம்பி, ரப்பர் வெல விழுந்ததுல வெளக்குக்கு எண்ணெயும் வாங்க முடியலையா? நாலஞ்சு நாளா ஒங்க வீட்டுச் சாமி இருட்டுலதான் குந்தியிருக்கு" என்று சிரித்தார். நானும் சிரித்து வைத்தேன். உள்ளுக்குள் சுருக்கென்றது. என் மனைவி கதவோரம் நின்றிருந்தாள். கையில் வாழை இலைப் பொட்டலம். என்னைப் பார்த்ததும் அதை முந்தானையால் மூடிக்கொண்டு, சாலையை ஒரு தரம் பார்த்துவிட்டு உள்ளே போனாள்.

எனக்குப் படிப்பு அதிகமில்லை. ரப்பர்த் தோட்டத்துப் பள்ளியில் எழுதப் படிக்கக் கற்றுக்கொண்டதோடு சரி. அந்தப் படிப்புக்கு, ரப்பர்ச் சரக்கை அடுக்கிவைக்கும் கிட்டங்கி ஒன்றில் எடை பார்த்து எழுதும் வேலை கிடைத்தது. பால் வெட்டும் கையைக் கழுவிக்கொண்டு டவுனுக்கு வந்தவன் என்பதால் எனக்குக் கொஞ்சம் மிடுக்கு உண்டு. பக்தியும் உண்டு. குளிக்காமல் சாப்பிட மாட்டேன், வெள்ளிக்கிழமை விரதம் தவறாது. எங்கள் தாயார் வைத்திருந்த ஒரு வழக்கத்தை அவர்களைவிடக் கண்டிப்பாக நான் வைத்திருந்தேன். விளக்கு வைத்த பிறகு வீட்டிலிருந்து எதையும் வெளியே கொடுக்கக் கூடாது. அரிசி, உப்பு, எண்ணெய், காசு, அடுப்பு நெருப்பு எதுவானாலும் மறுநாள் காலையில்தான். லட்சுமி வீட்டுக்குள் வருகிற வேளையில் நாமே கதவைத் திறந்து அவளை வெளியே அனுப்புவதா என்பது கணக்கு. கல்யாணமாகி வந்த முதல் நாளே இதை என் மனைவியிடம் சொல்லியிருந்தேன். அவளும் சிகாமட் பக்கம் ஒரு தோட்டத்தில் பிறந்தவள்தான். அவள் வீட்டிலும் அதே வழக்கம். தலையாட்டிக்கொண்டாள்.

பிறகுதான் விலை விழுந்த காலம் வந்தது. தோட்டங்களில் ஆட்களை நிறுத்தினார்கள். லயத்துக் குடியிருப்பைக் காலி செய்த குடும்பங்கள் மூட்டையும் பிள்ளைகளுமாக டவுனைப் பார்த்து நடந்து வந்தன. அதற்கு முன்னும் பிச்சைக்காரர்களை நாங்கள் அறியாதவர்கள் அல்ல. வெள்ளிதோறும் சங்கு ஊதிக்கொண்டு ஒரு பண்டாரம் வருவார். சந்தை முனையில் கண் தெரியாத ஒருவர் உட்கார்ந்திருப்பார். அவர்களுக்குக் கொடுப்பது சுலபம். அவர்களுக்குக் கேட்கத் தெரியும், நமக்குக் கொடுக்கத் தெரியும், ஒரு பிடி அரிசியோடு இரண்டு பக்கமும் நிம்மதி. இவர்கள் அப்படியில்லை. போன மாதம் வரை வேலை செய்தவர்கள், நம்மைப் போலவே கப்பலில் வந்தவர்கள், நம் முகஜாடை உள்ளவர்கள். கை நீட்டினால் விரலிடுக்கில் ரப்பர்ப் பால் காய்ந்த கறுப்பு தெரியும். அந்தக் கையில் எதை வைப்பது? கொடுத்தால் அவர்களை அவமானப்படுத்துவது போல இருந்தது. கொடுக்காவிட்டால் அவமானம் எனக்கு. ஒருநாள் கொடுப்பேன், ஒருநாள் எதிர்ச்சாரியில் நடப்பேன். எனக்கும் சம்பளத்தைக் குறைத்துவிட்டார்கள் என்று மனதுக்குச் சமாதானம் சொல்லிக்கொள்வேன்.

அப்படித் தோட்டத்தை விட்டு வந்த ஒரு அம்மாள் எங்கள் வீட்டுக்கு முதலில் வந்தது விளக்கு வைத்துச் சற்று நேரம் கழித்து. படலுக்கு வெளியே, தலையில் முக்காடு போட்டுக்கொண்டு நின்றாள். இடுப்பில் ஒரு பெண் குழந்தை. "தாயி" என்று ஒரே ஒரு சொல். அதற்கு மேல் அவளுக்குக் கேட்க வரவில்லை. நான்தான் எழுந்து போனேன். "வெளக்கு வச்சாச்சும்மா. நாளைக்கு வெளிச்சத்துல வா, பாக்கலாம்" என்றேன். மறுநாள் பகல் முழுக்க வரவில்லை. இருட்டியதும் அதே இடத்தில் நின்றாள். எனக்குக் கோபம் வந்துவிட்டது. "பகல்ல வரக்கூடாதா? சொன்னா வெளங்காதா?" என்றேன். குழந்தையை இடுப்பு மாற்றி வைத்துக்கொண்டு போய்விட்டாள். கதவைச் சாத்தும்போது என் மனைவி, "அந்தக்கா ஏங்க பகல்ல வரல?" என்று கேட்டாள். "எனக்கென்ன தெரியும்?" என்றேன். அவள் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தாள். அவளுக்குத் தெரிந்திருந்தது. பழக்கமில்லாத கை அது. பகலில் நீட்டினால் யாராவது முகத்தைப் பார்ப்பார்கள். கூச்சத்துக்கு இருட்டு வேண்டும். எங்கள் வீட்டில் விளக்கு வைப்பதும் அந்த இருட்டுகிற வேளையில்தான்.

என் மனைவி கண்டுபிடித்த வழி இதுதான்: விளக்கு வைத்த பிறகுதானே கொடுக்கக் கூடாது? அப்படியானால் விளக்கையே தாமதமாக வைப்பது. முகம் தெரியாத அளவுக்கு இருட்டி, அந்த அம்மாள் வந்து பொட்டலத்தை வாங்கிக்கொண்டு போன பிறகு, கைகால் கழுவி விளக்கேற்றுவாள். நான் கிட்டங்கியில் சற்று நேரங்கழித்துக் கிளம்புகிறவன் ஆனதால் சில நாள் எனக்குத் தெரியவில்லை. வண்டிக்காரர் சொன்ன அன்று தெரிந்தது. பெரிய சண்டை போட்டேன். "சாமிகிட்டயே தந்திரம் பண்றியா?" என்றேன். "தந்திரந்தாங்க. மன்னிக்கச் சொல்லி தெனமும் கன்னத்துல போட்டுக்கிறேன்" என்றாள். "கைப்புள்ள உள்ள வீடு. எதுனா ஒண்ணு ஆச்சுன்னா?" என்றேன். உறங்கிக் கிடந்த எங்கள் பையனின் நெற்றியை அவள் தொட்டுப் பார்த்தாள். ஆனாலும் மறுநாளும் வீடு இருட்டாகத்தான் இருந்தது.

அந்த வாரமே எங்கள் பையனுக்குக் காய்ச்சல் கண்டது. அனலாய்க் கொதித்தது, பிறகு பல் கிட்டுகிற மாதிரி குளிர். அவனை மடியில் போட்டுக்கொண்டு அவள் என் முகத்தைப் பார்த்தாள். ஒரு சொல் ஆறுதலாகச் சொல்லியிருக்கலாம். "நான் சொன்னேன்ல?" என்றேன். அன்று சூரியன் மறைவதற்கு முன்பே விளக்கை ஏற்றிவிட்டாள். இருட்டியதும் அந்த அம்மாள் வந்தாள். உள்ளே இருந்து நான் பார்த்துக்கொண்டிருந்தேன். மாடத்துச் சுடர் தெரிந்ததும் நின்றாள். குழந்தையைக் கீழே இறக்கிவிட்டு, இரண்டு கையையும் கூப்பிக் கும்பிட்டாள். பிறகு குழந்தையைத் தூக்கிக்கொண்டு திரும்பிவிட்டாள். அடுத்த நாளும் அப்படித்தான். அதற்கடுத்து வரவேயில்லை. ஒருவழியாக அவளுக்கு விளங்கிவிட்டது என்று நினைத்தேன். நிம்மதியாகவும் இருந்தது. அதை மறைக்க விரும்பவில்லை.

ஆஸ்பத்திரியில் மருந்து கொடுக்கும் டிரஸ்ஸரிடம் பையனைத் தூக்கிப் போனது நான். அவர் வயிற்றை அமுக்கிப் பார்த்து, "கொசுக் காய்ச்சல். ஒங்க சந்துல பாதி வீட்ல இதேதான். வீட்டுப் பின்னால தேங்கிக் கெடக்கிற தண்ணிய மொதல்ல கொட்டுங்க" என்று கொயினா மருந்து கொடுத்தார். பையன் தேறினான். வீட்டுக்குப் பின்னால் ஓட்டை வாளிகளில் தேங்கியிருந்த தண்ணீரை நானே கொட்டினேன். ஆனால் டிரஸ்ஸர் சொன்னதை அவளிடம் சொல்லவில்லை. கொயினா கொடுத்தார் என்று மட்டும் சொன்னேன். விளக்கு நேரத்துக்கு எரிகிறது, வண்டிக்காரர் சிரிப்பதில்லை, சாமிக்கும் குறையில்லை. எதற்குக் கிளற வேண்டும்? தன் பிள்ளையைத் தானே காவு கொடுக்கப் பார்த்தோம் என்ற நினைப்போடு அவள் நடமாடினாள். நான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பையன் எழுந்து உட்கார்ந்து கஞ்சி குடித்த அன்று அவள் சோறு வடித்து, கருவாட்டுக் குழம்பு ஊற்றி, தூக்குச்சட்டியில் எடுத்துக்கொண்டாள். பையனை வண்டிக்காரர் வீட்டில் விட்டாள். "அந்தக்காவைத் தேடிப் பாக்கணும். நீங்க வாங்க, வராட்டி இருங்க" என்றாள். வேலையற்ற தோட்டத்து ஜனங்கள் ஆற்றோரம் படகுத்துறைக்குப் பக்கத்தில் காலியாகக் கிடந்த ஒரு கிட்டங்கியில் படுத்திருந்தார்கள். ஊருக்குத் திரும்புகிறவர்களைக் கப்பலேற்ற லாரி வந்து அள்ளிப்போகும். இன்னும் வெயில் இருந்தது. அந்த அம்மாளை ஒரு தூண் மறைவில் கண்டோம். முகத்தை அப்போதுதான் சரியாகப் பார்த்தேன். என் மனைவியைவிட நாலைந்து வயதுதான் கூடுதலாக இருக்கும். புருஷன் மெர்சிங் பக்கம் வேலை இருக்கிறதென்று போனவன் திரும்பவில்லையாம். விடிந்தால் இவளுக்கு லாரி. குழந்தை சுருண்டு படுத்திருந்தது. கண் திறந்திருந்தது, ஆனால் எழவில்லை.

"ஏன்க்கா வரல?" என்று என் மனைவி கேட்டாள்.

"வெளக்கு வச்ச வீட்டுல கையேந்தலாமா தாயி? எங்க வீட்லயும் அப்படித்தான், பொழுது போனா ஒரு பொட்டு உப்பு வெளிய குடுக்க மாட்டோம். ஒங்க வீட்ல கைப்புள்ள இருக்கு. நான் வாங்கிட்டுப் போயி அதுக்கு ஒண்ணுன்னா அந்தப் பாவத்த எங்க கொண்டு தொலைக்கிறது? வெளக்கு எரியறதப் பாத்தேன், புள்ள நல்லாருக்கணும்னு ஒரு கும்பிடு போட்டேன், வந்துட்டேன்."

"பாப்பாவுக்கு?"

"தண்ணி குடிச்சிட்டுப் படுத்துக்கும். பழகிருச்சு."

என் மனைவி தூக்குச்சட்டியைத் திறந்தாள். குழம்பு வாசத்துக்கு அங்கிருந்த தலைகள் எல்லாம் திரும்பின. அந்த அம்மாள் முக்காட்டை இழுத்து முகத்தை மூடிக்கொண்டாள். "இப்ப வேணாம் தாயி. எல்லாம் எங்க லயத்து ஆளுங்க. மூடிருங்க, மூடிருங்க" என்றாள். என் மனைவி மூடினாள். மூடிவிட்டுத் தரையில், அவளுக்குப் பக்கத்திலேயே, சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டாள். "சரிக்கா. இருட்டட்டும். ஒண்ணாச் சாப்பிடுவோம்" என்றாள். பிறகு இரண்டு பேரும் தோட்டத்துக் கதை பேச ஆரம்பித்தார்கள். எந்தத் துரை நல்லவன், எந்தக் கங்காணி கையாலாகாதவன் என்றெல்லாம். ஒரு தடவை அந்த அம்மாள் சிரிக்கக்கூடச் செய்தாள்.

நான் நின்றுகொண்டிருந்தேன். ஆற்றில் வெயில் சரிந்தது. விளக்கு வைக்கும் நேரம் வந்துகொண்டிருந்தது. எங்கள் கிட்டங்கி ஆட்கள் அந்த வழியாகத்தான் வீடு திரும்புவார்கள். எடை பார்க்கிறவர் பிச்சைக்காரர்களோடு குந்தியிருக்கிறார் என்று நாளைக்குப் பேச்சாகும். "வீட்ல வெளக்கு வைக்கணும் புள்ள" என்றேன். அவள் நிமிர்ந்து பார்த்தாள். "நீங்க போய் வைங்க" என்றாள். போனேன்.

இத்தனை வருஷம் கழித்தும் அந்த நடைதான் என்னை விடுவதில்லை. விளக்கு தவறினால் பிள்ளைக்கு ஆகாது என்று மனதார நம்பியவள் அங்கே உட்கார்ந்திருந்தாள். காய்ச்சல் கொசுவால் வந்ததென்று தெரிந்த நான் விளக்கு வைக்க ஓடினேன். பக்தி என்று அதற்குப் பெயர் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. சாமியின் முதுகுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டேன், அவ்வளவுதான்.

விளக்கேற்றி, பையனைத் தூக்கிவந்து மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். நன்றாக இருட்டிய பிறகு வெறும் தூக்குச்சட்டியோடு அவள் வந்தாள். படலுக்கு வெளியிலேயே நின்றாள். மாடத்துச் சுடரைப் பார்த்துக் கும்பிட்டாள். பிறகு, "வெளக்கு வச்சாச்சே. நான் உள்ள வரலாமாங்க?" என்றாள். கோபமாகக் கேட்டிருந்தால் நானும் பதிலுக்குக் கத்தியிருப்பேன். அவள் நிஜமாகவே உத்தரவு கேட்கிறவள் போலக் கேட்டாள்.

என் மனைவி கண்ணை மூடி மூன்று ஆடி கடந்துவிட்டது. கடைசிவரை அந்த நாளைப் பற்றி அவளும் பேசவில்லை, நானும் பேசவில்லை. டிரஸ்ஸர் சொன்னதையும் நான் சொல்லவில்லை. இப்போது பஸ் நிலையத்தில் கை நீட்டுகிறவர்களைக் கண்டால், "கொடுக்காதீங்கப்பா, குடிச்சிருவாங்க" என்கிறான் அன்றைக்குக் காய்ச்சலில் கிடந்த மகன். இருக்கலாம். யாருக்குக் கொடுப்பது, எப்படிக் கொடுப்பது என்று இந்த வயதிலும் எனக்குத் தெரியவில்லை. கையில் இருப்பதைக் கொடுத்துவிட்டு, முகத்தைப் பார்க்க முடியாமல்தான் நகர்கிறேன்.

அன்று படலருகே நின்றவளிடம் "வா" என்று சொல்லியிருக்கலாம். என் சொந்த வீடு, என் சொந்த மனைவி. பையனைத் தூக்கிக்கொண்டு ஒதுங்கி வழிவிட்டேன்.