சங்கு நண்டுக்கு நான் எழுதிய தீர்ப்பு

மூன்று வருடங்களுக்கு முன்பு, ஐப்பசி மழை பிடித்துக்கொண்ட நேரம். வங்கி வேலையில் மாற்றலாகி நாங்கள் கொல்லிமலைக்கு வந்து ஏழெட்டு மாதம் ஆகியிருந்தது. நான் தூத்துக்குடிக்காரி. கடல் இல்லாமல் இருக்க முடியாது என்று அடம்பிடித்து, வாடகை வீட்டு முன்னறையில் கடல்நீர்த் தொட்டி ஒன்று வைத்தேன். கண்ணாடித் தொட்டியையும் உப்புக்கலவை மூட்டையையும் மடியில் வைத்துக்கொண்டு மலையடிவாரத்துக் காரவள்ளியிலிருந்து எழுபது வளைவு ஏறிய கதையை, வீட்டுக்கு வருகிறவர்களிடமெல்லாம் என் கணவர் இன்றும் சொல்லிச் சிரிப்பார்.

தொட்டியில் மீன் கிடையாது. பாசி மேயும் நத்தைகள் நான்கு, சங்கை முதுகில் தூக்கிக்கொண்டு நடக்கும் நண்டு ஒன்று, கடைசியாக வந்து சேர்ந்த இறால் ஒன்று. சிவப்பு முதுகில் வெள்ளைக் கோடு போட்ட அழகு இறால். நண்டோடு இது ஒத்துப்போகுமா என்பது சந்தேகம்தான், ஒரு கண் வைத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லித்தான் கடைக்காரர் கொடுத்தார். தண்ணீருக்குள் கையை விட்டால் போதும், விரலில் ஏறி நின்று நகக்கண்ணைச் சுத்தம் செய்யும். மூன்றே வாரத்தில் அது என் செல்லமாகிவிட்டது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை காபியோடு தொட்டி முன்னால் போய் உட்கார்ந்தால், மணலில் இறால் கிடக்கிறது. கால், மீசை, கண் எல்லாம் அப்படியே இருக்கிறது. நண்டு அதன் மேல் ஏறி, சாவகாசமாகப் பிய்த்துத் தின்றுகொண்டிருந்தது.

எனக்குக் கோபம் வந்தால் கண்மண் தெரியாது. நண்டைப் பிடித்து, கொஞ்சம் தொட்டித் தண்ணீரோடு வாளியில் போட்டேன். வீட்டுக்குப் பின்னால் ஓடும் ஓடையில் விட்டுவிடுவது என்று முடிவு. நல்ல தண்ணீரில் அது பிழைக்காது என்பது எனக்குத் தெரியும். தெரிந்துதான் கிளம்பினேன். கணவர், கொஞ்சம் பொறு என்று சொன்னதற்கு அவருக்கும் இரண்டு திட்டு விழுந்தது.

வாசலில் பக்கத்துத் தோட்டத்துப் பெண் எதிரே வந்தார். என் வயதுதான் இருக்கும். மிளகும் மரவள்ளியும் போட்டிருக்கிறார், தாழ்வான வயலில் நெல்லும் உண்டு. கிழங்கு கொடுக்க வந்தவர் வாளிக்குள் எட்டிப் பார்த்தார். நான் மூச்சு விடாமல் வழக்கைச் சொன்னேன். முழுவதும் கேட்டுவிட்டு, செத்ததை ஒருதரம் பார்க்கலாமா என்றார். எடுத்து வந்து அவர் உள்ளங்கையில் வைத்தேன். வெளிச்சத்துக்குக் காட்டித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"ஏனுங்க, இதுக்குள்ள ஆளே இல்லீங்களே," என்றார்.

தலைக்கும் உடம்புக்கும் நடுவே பிளந்திருந்ததைக் காட்டினார். உள்ளே சதை துளிகூட இல்லை, வெறும் கூடு.

"சட்டையக் கழட்டிப் போட்டுருக்குதுங்க. எங்க வயல் நண்டும் இப்படித்தான். கல்லுக்குப் பின்னால பாருங்க, உசுரோட இருக்கும்."

செல்போன் வெளிச்சத்தை அடித்துப் பார்த்தேன். பாறை இடுக்கில் இரண்டு வெள்ளை மீசைகள் மெல்ல ஆடின. எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்தே வந்தன.

உடனே நண்டைத் திரும்பத் தொட்டியில் விடப்போனேன். அவர் தடுத்துவிட்டார்.

"இப்ப அது பஞ்சாட்டம் இருக்குமுங்க. சட்டை இறுகற வரைக்கும் யாரையும் பக்கத்துல விடாதீங்க. அப்புறம் ரெண்டும் ஒண்ணா இருந்துக்கும்."

கடலையே பார்க்காதவர் அவர். கடற்கரையில் பிறந்து வளர்ந்த நான் தலையாட்டினேன். கொலைக் குற்றவாளியாகப் போன நண்டு, அதே வாளியில் இரண்டு நாள் விருந்தாளியாக இருந்தது. மூன்றாம் நாள் இறால் புதுச் சட்டையோடு, முன்னைவிடக் கொஞ்சம் பெரிதாக வெளியே வந்து என் விரலில் ஏறியது. நண்டிடம் வாய்விட்டு மன்னிப்புக் கேட்டுத் தொட்டியில் விட்டேன். அது என்னைச் சட்டையே செய்யாமல், மிச்சமிருந்த பாசியைத் தேடிக்கொண்டு போய்விட்டது.

அதற்கப்புறம் இரண்டும் சண்டையில்லாமல் ஒன்றாகவே இருந்தன. தோட்டத்துப் பெண் வழியில் பார்க்கும்போதெல்லாம், கைதி சௌக்கியமாங்க என்று கேட்டு என் மானத்தை வாங்குவார். அவர் மட்டும் ஐந்து நிமிடம் தாமதமாக வந்திருந்தால் நண்டு ஓடையோடு போயிருக்கும். இப்போதெல்லாம் யார் மேல் கோபம் தலைக்கேறினாலும், வாளியைத் தூக்குவதற்கு முன்னால் ஒருதரம் கல்லுக்குப் பின்னால் எட்டிப் பார்த்துவிடுகிறேன்.